படி நோட்டில் நான் எழுதிய நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. கீழ்வீட்டு மாமா விடியற்காலையில் கூடாரச் சாமான்களோடு லாரியை எடுக்கிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நான்காம் நாள் உங்கள் மலை முகாமுக்கு வந்துவிடுவாராம். நீங்கள் உச்சிக்குக் கிளம்புவது இன்றிலிருந்து ஆறாம் நாள். கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினேன். லிஃப்ட் ரிப்பேர்காரர் எங்கே, மாடிப்படி தேய்ந்ததோடு ஆளையே காணோம் என்று வாட்ச்மேன் தாத்தா தினமும் உங்களைக் கேலி செய்கிறார். அம்மா சிரிப்பதில்லை. "மாடி ஏறினது போதாதுன்னு மலைக்குப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

அப்பா, படி நோட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். இருபது கிலோ மணல் மூட்டையோடு பன்னிரண்டு மாடியைப் பத்து தடவை ஏறி இறங்குவீர்கள். நான் கீழே ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பேன். "கடிகாரத்தைப் பார்த்தா கால் தளர்ந்துடும், நீ பார்த்து எழுதிக்கோ" என்பீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள்தான் உச்சிக்குப் போகலாம் என்று உங்கள் குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

காய்ச்சல் வந்து போனதே, அதற்கடுத்த ஞாயிறு உங்களுக்கு அறுபத்து நான்கு நிமிடம் ஆனது. நான் ஐம்பத்தெட்டு என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. வயதாகிவிட்டது என்று லிஃப்ட் கம்பெனியில் வேலையிலிருந்து நிறுத்திய பிறகு, எத்தனையோ மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். மலையேறப் பயிற்சி ஆரம்பித்த பிறகுதான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். அன்று மூட்டையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். அறுபத்து நான்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐம்பத்தெட்டு என்றதும் வியர்வையோடு என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். அடுத்த வாரம் அறுபத்தேழு. ஐம்பத்தொன்பது என்று எழுதினேன்.

கடைசி ஞாயிறு உங்களைக் காணாமல் மேலே ஏறி வந்தேன். எட்டாவது மாடிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "மூச்சு வாங்குது, அவ்வளவுதான். அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றீர்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்ததாக நினைத்தீர்கள். நான் வந்த பிறகே ஒன்பது நிமிடம் அப்பா. மொத்தம் எழுபத்தொன்று. அன்றைக்கும் ஐம்பத்தெட்டு என்றேன்.

டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டதும் சிரித்தீர்கள். "நேரம் ஏறவே இல்லையே, அப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றீர்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் உங்களைக் குழுவில் சேர்த்தார்கள். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருப்பீர்கள் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கயிற்றிலேயே இன்னும் மூன்று பேர் தங்களைக் கட்டியிருப்பார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

இன்று பள்ளியில் இதயத்தைப் பற்றிப் பாடம் நடந்தது. நெஞ்சுவலியைச் சும்மா விடக்கூடாது என்று டீச்சர் சொன்னார். வீட்டுக்கு வந்து உங்கள் போனுக்குப் பதினொரு தடவை போட்டேன். அங்கே சிக்னல் இல்லையாம். அம்மாவிடம் சொல்ல இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். உங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் வந்துவிட்டேன்.

சரியான நேரங்களை இந்தத் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். தலைவரிடம் காட்டுங்கள். மகள் பொய் சொல்லிவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து பேசாமல் இருங்கள்.

அம்மா எழுந்துவிட்டார், விளக்கு எரிகிறது. முடிக்கிறேன். மேலே போகாதீர்கள் அப்பா. மெதுவாக இறங்கி வாருங்கள். நான் வழக்கமான இடத்தில், கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் உள்ளபடியே சொல்வேன்.

உங்கள் மகள்