இடுக்கு விட்டுக் கட்டிய படிகள்

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் தெருக்கோடியில் பழைய ஆலை மதில் கடலை மறைத்துக்கொண்டு நின்றதே, அதில் ஒரு பக்கத்தை இடித்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து ஒரு சிற்பி வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். மதில் கற்களை வைத்தே கடலுக்குள் இறங்கும் படிகளும் நடுவில் தொட்டி போல் ஒரு பள்ளமும் அமைக்கிறாள். கடல் ஏறும்போது கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து பள்ளம் நிறைய வேண்டும், இறங்கும்போது வடிய வேண்டும், ஜனங்கள் சுற்றி உட்கார்ந்து காலை நனைக்கலாம், அதுதான் கலையாம். கொத்து வேலை உன் அப்பாவுக்கு.

கல்லுக்குக் கல் இடுக்கு விடச் சொன்னதை அவர் தலையை ஆட்டிக் கேட்டாரே தவிர மனம் ஒப்பவில்லை. போதாததற்கு சைக்கிள் கடைக்காரர் வந்து, என்ன மேஸ்திரி, பல்லு போன கிழவி வாய் மாதிரி கட்டியிருக்கீங்க என்று கேலி செய்துவிட்டார். சிற்பி ஊருக்குப் போயிருந்த சமயம், உன் அப்பா எல்லா இடுக்கையும் சிமெண்டால் அடைத்துவிட்டார். கடல் ஏறியது, பள்ளத்தில் ஒரு சொட்டு இல்லை. திரும்பி வந்தவள் விரலால் தடவிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டையா விட்டா எம்பேரு கெட்டுப்போகும்மா என்றாராம் இவர். அண்ணே, அந்த ஓட்டைக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றாளாம் அவள். மறுநாள் நகராட்சிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள், சரியில்லை என்றால் மதிலை மறுபடி எழுப்பிவிடுவார்கள். கட்டின கையால இடிக்க மாட்டேன் என்று உன் அப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அப்போது உன் தங்கை (இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடுகிறாள், அதட்டித்தான் எழுத வைக்கிறேன்) கடைக்குப் போய் உப்பு கேட்கக் கூச்சப்படுகிறவள், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வாசலைத் தாண்டாதவள், அப்பாவின் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய்ச் சிற்பி பக்கத்தில் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்துவிட்டாள். சைக்கிள் கடைக்காரர்தான் ஓடி வந்து, உம்ம பொண்ணு உளி புடிக்கிற லட்சணத்துக்கு விரல் மிஞ்சாது என்றார். உன் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். இப்படியாடி புடிப்பாங்க, கொடு இங்கே என்று பிடுங்கி, பொழுது சாய்வதற்குள் அடைத்ததை எல்லாம் அவரே திறந்துவிட்டார். மறுநாள் அதிகாரிகள் நிற்கும்போதே தண்ணீர் கல்லுக்குக் கல் கசிந்து ஏறிப் பள்ளம் நிறைந்தது, ஒருவர் ஷூவும் நனைந்தது. மதில் இனி வராது. இப்போது தினமும் சாயங்காலம் உன் அப்பா ஒரு கம்பியோடு போய் இடுக்கில் சேரும் மணலை நோண்டுகிறார், வேர்க்கடலைத் தோலைத் திணிக்கும் பிள்ளைகளை, அடைக்காதீங்கடா, தண்ணி எப்படி வரும் என்று விரட்டுகிறார்.

வேலையில் மேலே இருப்பவர் சொல்வதைப் பாதியில் திருத்தாதே, உனக்கும் உன் அப்பா ரத்தம்தான். தலைக்கு எண்ணெய் வை. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

ஆசிகளுடன்,
அம்மா

அண்ணா, இது அம்மா சொல்லாதது. உளி கொத்தியதில் என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, அம்மாவுக்குத் தெரியாது. வலிக்கவில்லை. நாளைக்கும் சிற்பியோடு கல் கொத்தப் போகிறேன்.