கேட்காமலே திறந்த ஃபைல்

என் ஆசை மாப்ள டேவிட்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கல்லறைக்கு வந்தால் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவேன். இத்தனை நாளும் அது போதுமாக இருந்தது. இந்த வாரம் போதவில்லை. அதனால்தான் நம் கம்பெனி இருக்கும் பென்னலூரே படிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். அவர்கள் உன் பேரை எழுபது பேர் நடுவில் நின்று படித்தார்கள். பதிலை மட்டும் நான் ஏன் உன் காதோடு சொல்ல வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் தொடங்குவதற்கு முன் நின்றபடியே நடக்கும் கூட்டம். தர அதிகாரி ஒரு காகிதத்தை வாசித்தார். நான்காவது லைனில் ஒரு ஷிப்ட் முழுக்க பிராக்கெட்டுகளில் ஓட்டை தப்பான அளவில் விழுந்துவிட்டது. காரணம் ஒன்று, ஆபரேட்டர் மாரிச்செல்வி டிராயிங்கில் ஓட்டை அளவு போட்டிருந்த இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. காரணம் இரண்டு, ‘முன்னாள் புரோகிராமர் டேவிட் செய்த மென்பொருள் கோளாறு’. முன்னாளாம்! ராஜினாமா கொடுத்துவிட்டா போனாய் நீ? ஆறு நாள் காய்ச்சலில் போனாய். அதுகூட அவர்களுக்கு மறந்துவிட்டதா?

மாரிச்செல்வி ஒப்பந்தத் தொழிலாளி. அன்றைக்கே அவள் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றேன். அந்தக் கேவலத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ரோஸி வாசலிலேயே நிற்கிறாள். யாரோ போனில் சொல்லிவிட்டிருக்கிறார்கள். “அவரு பண்ண தப்பாலதான் அந்தப் பொண்ணுக்கு வேல போச்சாமே, நெஜமாண்ணா?” என்று கேட்டாள். நீ செத்தபோதுகூட என் தங்கச்சி முகம் அப்படி இருந்ததில்லை, மாப்ள.

நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாதா? லைனில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தொடுதிரை. அதில் ஒரு ஃபைலைத் தொட்டால் நீ எழுதிய சின்னப் பெட்டி எழும்பும். ‘இதை எதில் திறக்கலாம்?’ என்று தமிழில் கேட்கும். கீழே டிராயிங் வியூவர், போட்டோ வியூவர் என்று இரண்டு மூன்று பட்டன். வாடிக்கையாளர் டிராயிங்கையும் சாம்பிள் போட்டோவையும் ஒரே வகை ஃபைலாக அனுப்புகிறார்களே, அதற்காகத்தான் அந்தக் கேள்வி. டிராயிங் வியூவரில் எல்லாப் பக்கமும் வரும். போட்டோ வியூவரில் முதல் பக்கம் மட்டும் பளிச்சென்று வரும், பின்னால் இன்னொரு பக்கம் இருப்பதே தெரியாது. எந்தத் திரையில் எது தெரிகிறது என்று கேன்டீனில் ஆபரேட்டர்களைக் கேட்டுக் கேட்டுத்தானே பட்டனில் படம் போட்டாய்? கையுறை போட்ட விரலுக்குப் பத்தவில்லை என்று ஒரு அக்கா சொன்னதும் பட்டனைப் பெரிதாக்கினாய்.

எல்லா ஊரிலும் அந்தப் பெட்டிக்கு அடியில் ஒரு கட்டம் இருக்கும், ‘எப்போதும் இதையே பயன்படுத்து’ என்று. நீ அதை எடுத்துவிட்டாய். புரொடக்‌ஷன் மேனேஜர் உன்னோடு மல்லுக்கு நின்றார். “ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கினே இருந்தா லைன் எப்டிப்பா ஓடும்?” என்றார். நீ விடவில்லை.

“சார், மூணு ஷிப்ட்டுக்கும் லாகின் ஒண்ணுதான் கீது. எப்பவும்னா யாருக்கு சார் எப்பவும்? ஏ ஷிப்ட் ஆளு டிக் அடிச்சுட்டு வூட்டுக்குப் போயிடுவான். பி ஷிப்ட் ஆளுக்கு அந்தப் பெட்டியே வராது. அவன் இன்னா பண்ணுவான்?”

ஆளுக்கொரு லாகின் கொடுங்கள், கட்டத்தை நானே போடுகிறேன் என்றும் சொன்னாய். அது செலவு என்று விட்டுவிட்டார்கள். நீ இருந்தவரைக்கும் அந்தக் கட்டம் வரவில்லை.

இனி என் கதை. உன் முப்பதாம் நாள் பூசைகூட முடியவில்லை. உன் வேலையையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். “அந்த டிக்கை இன்னைக்குப் போட்டுடு ஸ்டீபன். அதுவும் முன்னாடியே டிக் அடிச்சு வெச்சிடு, அவங்க வேற அதுக்கு ஒரு தடவ விரல வெக்கணுமா?” என்றார். வாயில் சிரிப்பு வேறு. நீ சொன்னதெல்லாம் என் தொண்டை வரை வந்தது. “சரி சார்” என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேர வேலை. என் பேரில் மாற்ற மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். உன் கம்ப்யூட்டர் என்னிடம்தான் இருந்தது, உன் லாகினை யாரும் மூடியிருக்கவில்லை. உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? உள்ளே போனேன், மாற்றினேன், வெளியே வந்தேன். ஒரு குறிப்புகூட எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் நடந்தது. ஏழு மாதம் எல்லாத் திரையிலும் டிராயிங் வியூவரே நிலைத்திருந்ததால் தப்பியது; போன வாரம் நான்காவது லைனில் திரையை மாற்றியதும் பெட்டி மறுபடி முதலிலிருந்து கேட்டது. காலை ஷிப்ட்டில் யாரோ சாம்பிள் போட்டோவைப் பார்க்க போட்டோ வியூவரைத் தொட்டிருக்கிறார்கள். டிக் ஏற்கெனவே இருந்தது. அதோடு பெட்டி போனது. அடுத்த ஷிப்ட்டுக்கு வந்தவள் மாரிச்செல்வி.

புதன்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் அவள் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். நான்கு பேர் இருக்கும் அறையில் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். “அண்ணே, அது எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலண்ணே. தொட்டேன், படம் வந்துட்டு. ரெண்டாம் பக்கம் ஒண்ணு இருக்குன்னு நான் எப்படிண்ணே கண்டேன்?” என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்? இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் அங்கேயே தோன்றியது. அவள் கொடுத்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

இன்று காலை அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பட்டியலையும் பின்னாலேயே இணைத்திருக்கிறார்கள். கடைசி மாற்றம், டேவிட். தேதியைப் பார்த்தேன். உன்னை அடக்கம் செய்து பதினாறாம் நாள், மாப்ள! ஐந்து பேர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் உன் சவப்பெட்டிக்கு மாலை போட்டவர்கள். செத்தவன் வந்து புரோகிராம் எழுதிவிட்டுப் போயிருக்கிறான் என்று ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லையா? பழி போட ஒரு பேர் கிடைத்தால் போதும், அது பதில் பேசாத பேராக இருந்தால் ரொம்ப நல்லது. அப்படித்தானே?

காகிதத்தோடு மேனேஜர் அறைக்குள் போனேன். “அவன் செத்துட்டான் சார். அன்னைக்கு அந்த சீட்ல இருந்தது நான்” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கதவைச் சாத்தினார். “சரி, உன் பேர போட்டுக்கோ. யார் சொல்லி செஞ்சேன்னு மட்டும் எழுதாத. உனக்கும் குடும்பம் இருக்கு” என்றார். அவருக்குக் குடும்பத்தின் மேல் என்ன அக்கறை பார்த்தாயா!

வெளியே வந்ததும் எழுதிவிட்டேன். செய்தது நான், உன் லாகினில் நுழைந்தது நான், செய்யச் சொன்னது அவர், வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நீ. எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தக் கட்டத்தையும் எடுத்துவிட்டேன், இந்த முறை என் பேரில், மூன்று பேரிடமும் அனுமதி வாங்கி. நான் எழுதி அனுப்பியதற்கு மட்டும் இதுவரை யாரும் பதில் போடவில்லை. என் வேலை இருக்குமா என்று தெரியாது. ரோஸியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். என்னைத் திட்டினாள். அப்புறம் சோறு போட்டாள்.

நாளைக் காலை மாரிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போகிறேன். அவள் பாஸ் கையில் வரும்வரை நானும் உள்ளே போகமாட்டேன். உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும், இனி என் கையால் செய்யும் எதன் மேலும் உன் பேர் இருக்காது, மாப்ள. என் பேர்தான் இருக்கும்.

உன் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட
உன் மச்சான்,
ஸ்டீபன்