தாய்மாமன் அனுப்பிய கேரியர்

மகன் நாகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்க அய்யாவும் ஆடு மாடுகளும் சுகம். புனேயில் நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். போனில் சொன்னால் போதாதா என்று நினைப்பாய், போனில் நான் வாயைத் திறந்ததும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் உனக்கு அ, ஆ போட்டுக் கொடுத்ததே நான்தான், என் எழுத்து உனக்குப் புரியும்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிந்து அனுப்பினாயே, என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. "நல்ல கேரியர் ஒண்ணு அனுப்பியிருக்கேம்மா, பெட்டியப் பத்திரமா வாங்கி வைங்க" என்றாய். அதற்கு முதல் நாள்தான் நான் உன்னிடம் தங்கச்சி மாரிச்செல்வி மகளுக்குக் காதுகுத்து வருதே, தாய்மாமன் சீர் என்ன வைக்கப்போறே என்று கேட்டிருந்தேன். சீரைக் கேட்டவளுக்குக் கேரியர் என்று பதில் வந்தால் என்ன நினைப்பாள். சோற்றுக் கேரியர் என்றுதான் நினைத்தேன். ஏழடுக்கு எவர்சில்வர், மூடியில் பிள்ளை பேர் வெட்டியிருப்பாய் என்பது வரைக்கும் நானே நினைத்துக்கொண்டேன். சும்மாவும் இருக்கவில்லை, குழாயடியில் சொன்னேன், ரேசன் கடை வரிசையில் சொன்னேன், மாரிச்செல்வி மாமியார் பூமயிலுக்குப் போன் போட்டே சொன்னேன், என் மகன் சீரைப் புனேயில் இருந்து பார்சலில் அனுப்புகிறான் என்று.

பூமயில் கமுதியில் இருந்து கார் பிடித்துத் தன் வீட்டுப் பெண்களோடு காதுகுத்துப் பேச வந்தாள். நீ அனுப்பிய பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு பூ எல்லாம் வைத்து, மஞ்சள் குங்குமமும் தொட்டு, அவர்கள் முன்னால், இங்கே வந்து தங்கியிருக்கிற மாரிச்செல்வி கையாலேயே பிரிக்க வைத்தேன். மேலே இரண்டு டயர். வீடு பூரா ரப்பர் வாடை. அதற்கு அடியில் கறுப்புக் கம்பியை வளைத்து வளைத்து ஒரு சாமான், கோழிக்கூட்டைப் பாதி பிய்த்துப் போட்ட மாதிரி. பூமயில் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் மதினி, இதுல சோத்த எங்கன வைக்கிறது" என்று கேட்டாள். கூட வந்தவள் ஒருத்தி, மாமன் பிள்ளைக்கு இப்பவே வண்டி பூட்டுறாரு போல என்றாள். உங்க அய்யாவாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடியே அது சைக்கிள் கேரியருடி என்று எல்லார் முன்னாலும் சிரிப்பு வேறு. மாரிச்செல்வி அடுப்படிக்குள் போனவள்தான், அவர்கள் காரேறும் வரை வெளியே வரவில்லை.

சாமானை நான் குறை சொல்ல மாட்டேன். தை மாதம் மதுரையில் புது சைக்கிள் வாங்கி வந்தாயே, அதோடு வந்த கேரியர் பென்சில் கனம்தான் இருந்தது, அரிசிப் பையை வைத்ததும் ஆடியது, அப்போதே நான் சொன்னேன். கண்மாய்க் கரையில் ஒரு சுற்றுப் போனதற்கே கருவேல முள் இரண்டு சக்கரத்திலும் ஏறி, சைக்கிள் உன்னைச் சுமக்காமல் நீ சைக்கிளைச் சுமந்துகொண்டு வந்தாய். இப்போது வந்திருக்கிற டயரை அழுத்திப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருக்கிறது, நம்ம ஊர் முள்ளுக்குத் தாங்கும். அந்த முள்ளை நினைத்து வைத்திருந்து டயர் தேடத் தெரிந்தவனுக்குத் தங்கச்சி மகள் காது நினைவில் இல்லை. தை மாதம் வந்தபோதும் அந்தப் பிள்ளையை ஒரு தரம் தூக்கினாய், கையில் கிரீஸ் இருக்கு என்று உடனே இறக்கிவிட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூமயில் போன பிறகு உனக்குப் போன் போட்டேன், நீ சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது. சனிக்கிழமை சிநேகிதர்களோடு தனுஷ்கோடியில் இருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்புகிறாயாம், எல்லாரும் லீவு போட்டாயிற்றாம், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து என்றால் கோயில் உங்க ரூட்டில் இல்லையாம். வேணும்னா நடுவுல வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன், இல்லாட்டித் தேதியத் தள்ளுங்க என்றாய். மாமன் மடி என்ன நீ போகிற வழியில் இருக்கிற டீக்கடையா. ஆசாரி ஊசியைக் காதில் வைக்கும்போது பிள்ளை வீறிட்டு அழும், அப்போது அது இறுக்கிப் பிடிக்கிற சட்டை தாய்மாமன் சட்டையாக இருக்க வேண்டும், அதற்குத்தான் அண்ணன் தம்பி என்று ஒருத்தன் வேண்டும் என்கிறது. பூமயில் காரில் ஏறும்போது, "மாமன் வருவாரா, இல்ல எங்க வீட்டாள உக்கார வச்சுக் குத்திக்கிறவா" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுப்படிக்குள் இருந்த மாரிச்செல்வி காதிலும் அது விழுந்தது. நாளைக்கு அந்த வீட்டில் சோறு தின்ன வேண்டியவள் அவள், நீ இல்லை.

நான் தேதியைத் தள்ளச் சொல்லவில்லை. மடி எங்க வீட்டில் இருந்துதான் வரும் என்று பூமயிலிடம் சொல்லி அனுப்பினேன். உன்னோடு பேசிப் போனை வைத்த கையோடு உன் சித்தப்பா மகன் தவசி வீட்டுக்குப் போனேன். வரப்புத் தகராறில் அவனோடு உனக்குப் பேச்சு வார்த்தை இல்லை, நானும் அந்த வாசல் மிதித்து வருசமாகிறது, எனக்காகப் போனேன் என்று நினைக்காதே. அவனும் மாரிச்செல்விக்கு அண்ணன் முறைதான். விசயத்தைச் சொன்னேன், அவன் பழசை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "பெரியம்மா, நாகேந்திரன் வந்தா நான் ஒதுங்கிக்கிறேன், வரலேன்னா நான் உக்காருறேன்" என்றான்.

சைக்கிளை எடுக்க வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவாய் என்று தெரியும். சைக்கிளை நான் மறித்து வைக்க மாட்டேன், அழவும் மாட்டேன். கேரியரை மாட்டிக்கொள், டயரை மாற்றிக்கொள், போகிறதென்றால் போ. ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தால் மடி உனக்கு, இல்லாவிட்டால் தவசிக்கு. அன்றைக்கு உட்கார்ந்தவன்தான் அந்தப் பிள்ளைக்கு மாமன், அது பெரியவளானால் ஓலை வெட்டிக் குடிசை கட்டுகிறதும், மணமேடையில் அதற்கு மாலை போடுகிறதும் அவன்தான். உனக்காக ஒரு இடம் பிடித்து வைத்திருக்கச் சொல்லி யாரிடமும் நான் போய் நிற்க மாட்டேன்.

நம்ம காளியம்மாள் உன்னைக் கைகால் சுகத்தோடு வைத்திருக்கட்டும், கண்ட நேரத்தில் சாப்பிடாதே. கோயில் வாசலுக்கு வருவதாக இருந்தால் வேட்டி சட்டையோடு வா, அரைக்கால் டவுசரோடு வந்தால் முதலில் விரட்டுகிறவள் நானாக இருப்பேன்.

இப்படிக்கு,
மாரிச்செல்வி மகளுக்கு அம்மாச்சி,
உனக்கு அம்மா,
உலகம்மாள்