வேடியப்பன் சேர்த்த கடைகள்

நவ. 10, திங்கள்

தூறல். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. காலையில் இரண்டு தடவை கரண்ட் போனது.

இன்று முதல் சிபாரிசுத் திட்டம். நம் 'ரெடி' மென்பொருளைக் கடைக்காரர்களிடம் சொல்லிச் சேர்த்துவிடுகிறவருக்கு ஒரு கோடு நம்பர். அந்த நம்பரில் சேர்ந்த கடை மாதச் சந்தா கட்டும்வரை, சேர்த்தவருக்கும் மாதாமாதம் ஒரு பங்கு. எளிய விஷயம்தான். ஆனால் பங்கு என்றதும் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை மூளை வருமோ.

இதுவரை கேட்டு வந்தவர்கள்:
– வாணியம்பாடி யூடியூப்காரர். முதல் கேள்வியே "அட்வான்ஸ் உண்டுங்களா?" வேண்டாம்.
– கல்லூரித் தோழி. கல்யாணத்துக்குக்கூட வராதவள் திடீரென்று "செல்லம்" என்கிறாள். யோசிக்க வேண்டும்.
– வேடியப்பன். குட்டியானை வண்டி வைத்திருப்பவர். மலைக்கு மளிகை ஏற்றிப் போய், சாமை மூட்டையோடு இறங்குவார். மாத்திரை, ஊசி நூல், ரவிக்கைத் துணி, மலையில் யார் எது சொல்லிவிட்டாலும் வாங்கிப் போய்க் கொடுப்பார். அதற்குக் கூலி வாங்குவதில்லையாம். கூலி வாங்காத ஆள் என்றாலே எனக்கு இடிக்கிறது.

மு. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். (மென்பொருள் எழுதுவது என் வீட்டுக்காரர் முருகன். விற்பதும் சந்தேகப்படுவதும் நான்.) அவருக்கு வெளுத்ததெல்லாம் பால். கடைசியில் வேடியப்பனுக்கு மட்டும் கோடு கொடுத்தேன். மலைக்கடைகள் வேறு யாருக்கும் தெரியாது.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

நவ. 12, புதன்

வெயில். துணி காய்ந்தது.

விதிமுறை எழுதும் வேலை. நான் சொன்ன விதி: ஒரே ஃபோனிலிருந்து மூன்று கடைக்கு மேல் பதிவானால் சிபாரிசுக்காரரின் கணக்கு தானாக நின்றுவிட வேண்டும். உடனே அவருக்கு ஃபோனும் போக வேண்டும்.

ஃபோன் நம்மிடம் இருக்கும் வசதிதானே. தையல்காரரோ மெக்கானிக்கோ வேலை முடிந்து பொத்தானை அழுத்தினால், வாடிக்கையாளருக்கு "உங்க பொருள் ரெடிங்க, வந்து வாங்கிக்கங்க" என்று ஒரு குரல் போகும். அந்தக் குரல் என்னுடையது. வெளியாளை வைத்துப் பேசவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று அதே குரலில் புதியது பதிவு செய்தேன்: "பொய்க்கடைகளைச் சேர்த்து மோசடி செய்ததால் உங்கள் கணக்கு நிறுத்தப்படுகிறது."

மு. கேட்டுவிட்டு, "இன்னாடி, போலீஸ் மாதிரி கீது?" என்றார்.

"திருடனுக்கு ஆரத்தி எடுக்கணுமா?"

எழுந்து போய் இட்லிக்கு ஊறப்போட்டார். கோபம்தான்.

நவ. 14, வெள்ளி

காலையில் ஃபோனைப் பார்த்தால் வேடியப்பன் கோடில் வரிசையாகக் கடைகள். மலையில் காவலூருக்கு அப்பால், ஒரே ஊர். தையல் கடை, இன்னொரு தையல் கடை, மூன்றாவதும் தையல் கடை, சாமை மில், பைக் மெக்கானிக், மிக்ஸி ரிப்பேர். எல்லாம் ஒரே ஃபோனிலிருந்து, ஒன்றன் பின் ஒன்றாக.

அவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு மூன்று தையல் கடை? ஒவ்வொரு நம்பராக அடித்துப் பார்த்தேன். எல்லாமே தொடர்பு எல்லைக்கு வெளியே.

கணக்கு தானாக நின்றது. அவருக்கு என் குரலில் ஃபோனும் போய்விட்டது. மு. "விசாரிச்சிருக்கலாம்" என்றார். விதி என்றால் விதி. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் அன்றைக்கே சொன்னேனே.

நவ. 15, சனி

வேடியப்பன் ஃபோன் எடுக்கவில்லை. மளிகை மண்டியில் விசாரித்தேன்.

"வேடி இன்னிக்கு வண்டியே எடுக்கலமா. மூஞ்சி சரியில்ல."

இருக்காதா பின்னே. மடியில் கனம், வழியில் பயம்.

நாளை நானே மேலே போய்ப் பார்த்துவிடப் போகிறேன். மு.விடம் சொன்னதற்கு, "போ, போ. இல்லாத கடையில ஒரு ரவிக்க தச்சிக்கினு வா" என்றார். நக்கல்.

நவ. 16, ஞாயிறு

காவலூர் வரை பஸ். அதற்கு மேல் ஒருவர் பைக்கில். பனி. காது அடைத்துக்கொண்டது.

எல்லாக் கடையும் இருக்கிறது. போர்டுதான் இல்லை. மூன்று தையல் கடையும் மூன்று வீட்டில் மூன்று மெஷின்.

முதல் வீட்டில் சின்னப்பொண்ணு என்ற பெண் தைத்துக்கொண்டிருந்தாள். "இது தையல் கடைங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானே அது? வேடியண்ணன திருடன்னு சொன்னவங்க? ஃபோன்ல வந்த கொரலு இதேதான்."

ஆமாம் என்று தலையாட்டினேன். அவளே சொன்னாள். வண்டி வந்து நிற்கும் மேட்டில்தான் சிக்னல். இவர்களிடம் இருப்பது பட்டன் ஃபோன். "ஊரு கூடிப் பேசினோங்க. ஒருத்தர் மட்டும் சேர்ந்தா நல்லாயிருக்காது, சேர்ந்தா எல்லாரும் சேரணும்னு முடிவு. அதான் அண்ணன் ஃபோன்லயே மொத்தமா போட்டோம். மூட்ட எறக்கிக்கினு இருந்தப்போ உங்க ஃபோனு. ஸ்பீக்கர்ல போட்டாரு. ஊரே கேட்டுச்சு."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இவ்வளவு வெட்கப்பட்டு எனக்கு ஞாபகம் இல்லை.

நவ. 17, திங்கள்

வேடியண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"கணக்கத் திறந்துட்டோம்ண்ணா. மன்னிப்பு கேட்டு அந்த ஊர்ல எல்லாருக்கும் ஃபோன் போட்டுடறேன்."

"ஃபோன்லாம் வாணாம் மேடம். ஊரு முன்னாடி சொன்னத ஊரு முன்னாடிதான் எடுக்கணும். எங்க வழக்கம் அது. நாளைக்கு சாயந்தரம் கூடுவாங்க, வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க. இப்ப யாரும் என்னாண்ட ஒரு சாமானும் சொல்லிவுடறதில்ல. வண்டி சும்மா போய்ட்டு சும்மா வருது. பேருதாங்க என் பொழப்பு."

வருகிறேன் என்றேன். அவர் போனதும் வந்த முதல் யோசனை: அங்கே போனால் எனக்கு அபராதம் போடுவார்களோ? என் புத்தி.

நவ. 19, புதன்

மழை. நேற்று எழுத முடியவில்லை.

மலைக்கு மு.வும் கூட வந்தார். மேட்டுக்குப் பக்கத்தில் ஊர் கூடியிருந்தது. ஊர் வழக்கைப் பேசித் தீர்க்கும் நாட்டார் நடுவில். நான் நின்றுகொண்டு சொன்னேன்: "நான் சொன்னது தப்புங்க. வேடியண்ணன் எந்த மோசடியும் பண்ணல. எல்லாம் நெஜக் கடை. நானே பார்த்தேன்."

"சரிம்மா. சொன்னத எடுத்துட்ட. முடிஞ்சுது" என்றார் நாட்டார். வேடியண்ணன் முகம் தெளிந்தது. யாரோ டீ கொண்டுவரப் போனார்கள்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். பாவத்தைக் கழுவுகிற வேகம் எனக்கு. "நிறுத்தி வெச்ச பங்கையும் அவருக்குக் கொடுத்துடறோங்க. நீங்க சந்தா கட்டற வரைக்கும் மாசாமாசம் தவறாம அவருக்கு வரும்."

"பங்கா? இன்னா பங்கு?"

விளக்கினேன். கோடு நம்பரெல்லாம் சொல்லி, கடைக்காரர்களுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. பாதியில்தான் வேடியண்ணனைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

சின்னப்பொண்ணு எழுந்தாள். "நல்லதுன்னுதானே சொன்ன அண்ணா. உனுக்குக் காசு வருதுன்னு சொல்லவேயில்லியே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா."

பின்னாலிருந்து ஒருவர், சத்தம்கூடப் போடாமல்: "போன மாசம் எங்கொழந்தைக்கு மாத்திர வாங்கியாந்தியே வேடி. அதுலயும் இருந்துச்சா?"

"சத்தியமா இல்லப்பா" என்றார். அங்கே அவரை நம்பியது நான் ஒருத்திதான்.