பத்மஜா டீச்சரின் கையெழுத்து

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். பாப்பாவுக்கு இருமல். கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு ஓட்டம். கேட் வரை அழுகைச் சத்தம்.

இரண்டாம் வகுப்பு பி. முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களுடைய பத்மஜா டீச்சர் பத்து நாள் முன்பு பாலாநகரில் லாரி மோதி இறந்துபோனார். அந்த இடத்தில் நான். திருநெல்வேலியிலிருந்து வந்து நாலே மாதம், தெலுங்கு அரைகுறை. யாரும் வாய் திறக்கவில்லை. டிபன் டப்பாகூடத் திறக்கவில்லை.

ஏஞ்சல் மட்டும் தமிழ் வீட்டுப் பிள்ளை. "எங்க ஹோம்வொர்க் நோட்டெல்லாம் டீச்சர் வீட்ல இருக்கு."

8, செவ்வாய்
பள்ளி விட்டதும் சைனிக்புரியில் டீச்சர் வீடு. டீச்சரின் கணவர் நோட்டுப் பையை நீட்டினார். தெலுங்கில் சொன்னது பாதி புரிந்தது: மீதி நோட்டுகளைக் காலையில் திருத்துவதாகச் சொன்னாளாம்.

பதினெட்டு நோட்டில் சிவப்பு நட்சத்திரம், 'குட்', கையெழுத்து, தேதி. பதின்மூன்றில் ஒன்றுமில்லை. ஏஞ்சலுடையது அதில் ஒன்று. அந்தப் பதின்மூன்று முகங்கள் நாளைக்கு எப்படி ஆகும்?

நானே போட்டுவிட்டேன். அதே நட்சத்திரம், அதே கையெழுத்து. பார்த்துப் பார்த்து. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

வாங்க: இருமல் மருந்து, ரவை.

9, புதன்
நோட்டுகளைக் கொடுத்தேன். முதல் தடவையாகச் சத்தம், சிரிப்பு. ஒருவன் நோட்டை முகர்ந்து பார்த்தான். டிபன் காலி.

ஏஞ்சல் மேஜைக்கு வந்தாள். "இதுல எட்டாம் தேதி போட்டிருக்கு. நேத்துதானே? டீச்சரா போட்டாங்க?"

பள்ளிக்கூடப் பழக்கம். கை தானாக அன்றைய தேதியை எழுதியிருக்கிறது. பதின்மூன்றிலும்.

"ஆமாம்மா."

"ஹவ்வா? ஆமாவா? நிஜமா?"

"நிஜம்."

ஏன் சொன்னேன். ஏன்.

பாப்பாவுக்கு ஜுரம், 101.

10, வியாழன்
ஜுரம் இறங்கவில்லை. லீவு கேட்க பயம்.

மேஜை மேல் முப்பத்தொரு நோட்டும் அடுக்கியிருந்தது. நான் ஹோம்வொர்க்கே கொடுக்கவில்லை.

"நீங்க திருத்த நக்கோ, வேணாம்," என்றாள் ஏஞ்சல். "டீச்சர்கிட்டயே குடுங்க."

"ஏஞ்சல், டீச்சர் வந்து..."

"செத்துட்டாங்கன்னு மம்மிதான் சும்மா சொல்லுது. நான் தேதியைக் காட்டினேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். பையில் அடுக்கி எடுத்து வந்துவிட்டேன்.

மேலே ஏஞ்சலுடைய நோட்டு. தானாகவே போட்ட கணக்குக்குக் கீழே, இங்கிலீஷில், பென்சிலில்: டீச்சர், எப்போ வருவீங்க?

பதிலுக்கு இரண்டு வரி விட்டு வைத்திருக்கிறாள்.