நத்தையின் அம்மாவுக்கு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சகோதரிக்கு,

வணக்கம். நான் உங்கள் மகளின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. நாம் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. அவளைப் பள்ளியில் சேர்க்கும்போதே நீங்கள் வேலைக்கென்று வெளிநாடு போய்விட்டீர்கள். சேர்க்கைப் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டிய இடத்தில் அவளுடைய அத்தைதான் போட்டிருக்கிறார். உங்கள் மின்னஞ்சல் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று திகைக்க வேண்டாம். எங்கள் வகுப்பு வலைப்பூவில் கமெண்ட் போடுகிறவர்களின் முகவரி, அதை நடத்துகிற எனக்கு மட்டும் தெரியும். இரண்டு வாரம் முன்பு ஒரு புதன்கிழமை நீங்கள் போட்டீர்கள் அல்லவா, அதிலிருந்து எடுத்தேன்.

முதலில் நலம் விசாரித்துவிட்டு மெல்ல விஷயத்துக்கு வரலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்து மூன்றையும் அழித்துவிட்டேன். சுற்றி வளைக்க என்னால் ஆகவில்லை. நீங்கள் அங்கே பார்த்த, ‘நத்தையின் அம்மா’ என்று பெயர் போட்ட ஒன்பது கமெண்டுகளையும் எழுதியது நான். உங்கள் வீட்டுக்கு வேறு யாரும் வந்துவிடவில்லை. உங்கள் கணவருக்கும் இதில் சம்பந்தம் கிடையாது. நீங்கள்தான் எழுதினீர்கள் என்று அவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். உங்கள் மனதில் வேறு ஏதாவது நினைப்பு ஓடியிருந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு எதற்கு வலைப்பூ என்று தலைமை ஆசிரியை கேட்டார். நான்தான் விடாப்பிடியாக நின்றேன். பிள்ளைகள் படம் வரைவார்கள், அதைப் பற்றி ஒரு வரி சொல்வார்கள், அவர்கள் சொல்கிறபடியே ஒரு எழுத்து மாற்றாமல் நான் டைப் செய்து போடுவேன், வீட்டில் இருப்பவர்கள் பார்த்து இரண்டு வார்த்தை எழுதுவார்கள், வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அவற்றைத் திரையில் போட்டுப் படிப்போம் என்று திட்டம். சின்னப் பிள்ளைகள் என்பதால் பெயரும் முகமும் போடக்கூடாது. ஆளுக்கு ஒரு அடையாளம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருத்தன் ரயில், ஒருத்தி குடை, ஒரு பையன் முட்டை. முட்டைதான் வேண்டும் என்று அவன் அழுதே வாங்கினான். உங்கள் மகள் நத்தை. ஏன் நத்தை என்று கேட்டதற்கு, அதற்குக் கொம்பு இருக்கிறது என்றாள்.

தெரியாதவர்கள் யாராவது எழுதினால் அழித்துவிட வேண்டும் என்று ஒரு விதியும் வைத்தோம். பிள்ளைகளுக்கு மற்ற எல்லா விதியையும்விட அது பிடித்துப்போயிற்று. வாரம் ஒரு தடவையாவது யாராவது வந்து, தெரியாதவர் வந்துவிட்டாரா என்று ஆசையோடு கேட்பார்கள்.

தொடங்கிய அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இதைப் பார்க்கலாம் என்று பெருமையடித்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பின்வரிசையில் இருந்த உங்கள் மகள் எழுந்து நின்று, தன் அம்மா விமானத்தில் போகிற ஊரில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார், அவராலும் பார்க்க முடியுமா என்று கேட்டாள். ஓ, நன்றாகப் பார்க்கலாமே என்றேன்.

முதல் வெள்ளிக்கிழமை பதினான்கு வீட்டிலிருந்து கமெண்ட் வந்தது. கமெண்ட் வராத பிள்ளைகளுக்காக என் வீட்டுக்காரரையும் விளையாட்டு ஆசிரியரையும் பிடித்து, அவரவர் பெயரிலேயே நாலு வரி எழுத வைத்தேன். முட்டைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நத்தைக்குப் போதவில்லை. எங்கம்மா எழுதலையா என்று கேட்டாள். அடுத்த வாரம் வரும் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் கேட்கவே இல்லை. அதற்கு அடுத்த வாரம் படம் வரைய மாட்டேன் என்றாள். வருகைப் பதிவு எடுக்கும்போது உள்ளேன் என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேனா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அழைத்துப்போக வந்த அத்தையிடம் விசாரித்தேன். நாலு மாதமாக உங்களிடமிருந்து போன் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையின் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிள்ளை என் கண் முன்னால் ஊமையாகிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு கணினி அறையில் உட்கார்ந்து, அவள் எப்போதோ வரைந்த கதவுப் படத்துக்குக் கீழே எழுதினேன்: ‘நத்தைக் குட்டி, கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?’ பெயர் கேட்ட இடத்தில் ‘நத்தையின் அம்மா’ என்று போட்டேன். ஒரே ஒரு தடவைதான், பிள்ளை பேச ஆரம்பித்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அதைத் திரையில் படித்தபோது அவள் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டாள். திங்கட்கிழமை காலை, பையைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்து, பதில் சொல்ல வேண்டும், டைப் செய்யுங்கள் என்றாள். கதவுக்குப் பின்னால் ஒரு பூனையும் அப்பாவின் குடையும் இருக்கின்றனவாம். பதில் வந்துவிட்டதே, அம்மா சும்மா இருக்கலாமா? அடுத்த வாரம் பூனை என்ன சாப்பிட்டது என்று கேட்டேன். அதற்கு அடுத்த வாரம், எந்தப் பல் ஆடுகிறது என்று. இப்படியே ஒன்பது வெள்ளிக்கிழமை. புலிவாலைப் பிடித்த கதைதான். அவள் பேச்சு திரும்பி வந்தது. எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவும் ஆரம்பித்துவிட்டாள், உங்கள் கமெண்டை என் உதவி இல்லாமல் தானே படிக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் கமெண்ட் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். எனக்கே அப்படிப் பழகிவிட்டது.

ஒன்பதாவது வாரம் உங்கள் கணவர் வகுப்புக்கு வந்தார். பேருந்து ஓட்டும் சீருடையோடு, அடுத்த ஷிப்டுக்குப் போகிற வழியில், வாசற்படியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நன்றி சொல்ல வந்தாராம். “அவ என்கிட்ட பேசாட்டியும் பரவால்ல டீச்சர். பிள்ளைகிட்ட பேசுறாளே, அது போதும்” என்றார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஷிப்டுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டுவைத்தேன். உங்களுக்கும் நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பார்த்துத்தான் நீங்கள் எங்கள் வலைப்பூவைத் தேடி வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் கழித்தல் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது உங்கள் கமெண்ட் வந்தது. இடைவேளையில்தான் பார்த்தேன். ‘நான் அம்மா. வேலை ஜாஸ்தி. நல்லா சாப்பிடு. அப்பா பேச்சைக் கேளு.’ மேலே ஒன்பது கமெண்டுகள், நீங்கள் எழுதாதவை, உங்கள் பெயரில். யார் நீ என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாடா, நிஜமான அம்மா வந்துவிட்டார், இனிமேல் நான் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, உடனே அனுமதித்து மேலே ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை அதைத் திரையில் போட்டேன். அவளே எழுந்து வந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“இது எங்கம்மா இல்ல டீச்சர். எங்கம்மா கேள்வி கேப்பாங்க.”

அம்மாதான், அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்றேன். தலையை ஆட்டி இல்லை என்றாள். அதற்குள் முட்டை எழுந்து, அப்படியானால் இது தெரியாதவர், அழித்துவிட வேண்டும், விதி இருக்கிறதே என்றான். இத்தனை நாள் காத்திருந்த தெரியாதவர் கடைசியில் வந்துவிட்ட சந்தோஷத்தில் வகுப்பே குதித்தது. இருபத்துமூன்று பிள்ளைகள், அழிங்க டீச்சர், அழிங்க டீச்சர் என்று மேசையைத் தட்டுகிறார்கள். உங்கள் மகளும் தட்டினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வேன்? நான் அழித்துவிட்டேன், சகோதரி. அத்தனை பிள்ளைகளும் கை தட்ட, உங்கள் நாலு வரியை என் கையாலேயே அழித்தேன். அது காணாமல் போனதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் கணவர் அழித்தார் என்றோ, பிள்ளையே உங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்றோ நினைத்திருப்பீர்களோ என்று அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் எழுதவும் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேசாமல் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றார். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். சொல்லியும் பார்த்தேன். திங்கட்கிழமை மதியம் அவளைத் தனியாக உட்காரவைத்து, இதுவரை வந்ததெல்லாம் நான் எழுதியது என்றேன். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “தெரியும் டீச்சர். நாங்க சொன்னா நீங்க எழுதுவீங்க. எங்கம்மா சொன்னாலும் நீங்கதானே எழுதுவீங்க” என்றாள். அவளைப் பொறுத்தவரை உலகம் அப்படித்தான் நடக்கிறது, யாரோ சொல்வார்கள், டீச்சர் டைப் செய்வார். அம்மா எதுவும் சொல்லவில்லை என்பதுதான் நான் சொல்ல வேண்டிய அடுத்த வாக்கியம். ஆறு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. உங்களால் முடிந்திருக்குமா என்று கேட்க மாட்டேன். உங்களிடம் அப்படிக் கேட்பது நியாயமில்லை.

போன வெள்ளிக்கிழமை கணினி ரிப்பேர் என்று சொல்லி ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். பொய்க்கு மேல் பொய். முட்டை திங்கட்கிழமை காலையே வீட்டிலிருந்து ஒரு திருப்புளி கொண்டுவந்து, தான் சரிசெய்து தருவதாக நிற்கிறான். தலைமை ஆசிரியைக்கு இன்னும் எதுவும் தெரியாது. தெரிந்தால் வலைப்பூவை மூடச் சொல்வார், என்னையும் நாலு கேள்வி கேட்பார். கேட்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் மூடிவிட்டால் உங்கள் மகள் மறுபடி எங்கே போய் உங்களைத் தேடுவாள்?

ஒரு பிள்ளையைப் பேசவைக்கப் போய், அதன் அம்மாவையே அதற்குத் தெரியாதவராக ஆக்கிவிட்டேன். இருபத்தோரு வருடம் பாடம் நடத்தியவளுக்கு இதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. நான் தொடர்ந்து எழுதினால் உங்களை இன்னும் தூரத்துக்குத் தள்ளுகிறேன். நிறுத்தினால், அம்மா மறுபடியும் போய்விட்டார் என்று அவள் நினைப்பாள்.

நீங்கள் ஏன் போன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை. அங்கே உங்கள் நிலைமை என்ன, கையில் போன் தருகிறார்களா, உட்கார்ந்து நாலு வரி எழுத நேரம் விடுகிறார்களா, எனக்கு எதுவும் தெரியாது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் நடுவில் இருப்பது உங்கள் இருவருக்கும்தான் தெரியும். நாள் முழுக்க இன்னொரு வீட்டுப் பெரியவருக்கு ஊட்டிவிட்டுத் துடைத்துவிட்டு, கிடைத்த நிமிடத்தில் அந்த நாலு வரியை எழுதியிருப்பீர்கள். அந்த நாலு வரியைத்தான் நான் அழித்தேன். மன்னியுங்கள் என்று எழுதுகிறேன். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒயரை மறுபடி மாட்டப்போகிறேன். உங்கள் பெயரில் இனி ஒரு எழுத்தும் நான் எழுத மாட்டேன், இது சத்தியம். அவள் வரைந்த புதுப் படம் ஒன்று மேலே இருக்கிறது. பாருங்கள். பார்த்துவிட்டு அவளிடம் ஏதாவது ஒன்று கேளுங்கள். என்ன கேட்பது என்று நான் சொல்லித் தர மாட்டேன். சொன்னால் அதுவும் என் கேள்வியாகிவிடும். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளைப் பெற்றவர் நீங்கள். நான் கேட்கத் தெரியாத ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கும்.

நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி மணி மூன்று மணிக்கு அடிக்கும். எல்லாப் பிள்ளைகளின் கமெண்டையும் படித்து முடித்த பிறகு, நத்தையுடையதைக் கடைசியாகத் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் ஆசிரியை மட்டுமே ஆன நான்