அடுப்புக்கு மேலே அடைத்த ஓட்டை

1998 நவம்பர் 9, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. விறகு ஈரம். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து கொண்டு வந்த மிலாறுக் குச்சியும் ஈரம்தான். ஊதி ஊதி நெஞ்சு அடைத்தது. அடுப்படி முழுக்கப் புகை.

எனக்கு இருமல். பேரப்பிள்ளைக்கும் இருமல். எட்டு மாதம்தான், மூச்சு விட்டால் பூனைக்குட்டி மாதிரி கர்கர். குளிருக்கு இதமாக அடுப்புப் பக்கம் மடியில் வைத்திருந்தேன்.

புகை போகாததற்குக் காரணம் பியதாச பாஸ். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரை வேலை எல்லாம் அந்த ஆள்தான். அடுப்புக்கு மேலே இருந்த புகை ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தான். பன்னிரண்டு வருசம் ஆகிறது. அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாளன்றைக்கு டவுன் ஆஸ்பத்திரி. மருமகளும் பிள்ளையும் கூட. அவளை இந்தக் கொப்பியில் பு. என்றுதான் எழுதுவேன். கல்யாணத்தன்று என் தங்கச்சிக்குப் பாய் போடாதவளுக்கு முழுப் பேர் எழுத மனம் வரவில்லை.

நவம்பர் 11, புதன்
பஸ்ஸில் நின்றபடியே. ஆஸ்பத்திரியில் பு. பிள்ளைக்கு நம்பர் துண்டு எடுக்க வேறு வரிசைக்குப் போனாள். நான் பிள்ளையோடு டாக்டர் முன்னால். சின்ன வயசு, யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அம்மா, நீங்கள் புகை பிடிக்கிறனீங்களோ?"

"ஆமாங்க. நாப்பது வருசமா புடிக்குது."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"மூணு தரம். விருந்தாள் வந்தா நாலு."

"பிள்ளைக்குக் கிட்ட இருந்தும் பிடிக்கிறனீங்களோ?"

"மடியிலதாங்க வச்சிருப்பேன்."

பேனையைக் கீழே வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பு. உள்ளே வந்தாள். "பிள்ளையை இவவோட விடாதேங்கோ" என்றார் அவளிடம். என்னவோ சொல்லக்கூடாததைச் சொன்னவள் மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

திரும்பும்போது பு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளையை என்னிடம் தரவும் இல்லை.

மகன் வேலை முடிந்து வந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கம் குசுகுசு. என் காது செவிடு இல்லை.

"ஒங்கம்மா சுருட்டு குடிக்கிறாங்களாம். டாக்டர்கிட்ட அவங்க வாயாலயே சொன்னாங்க. ஒரு நாளைக்கு மூணாம்."

"சும்மா இரு. அம்மாவா?"

"நான் என்ன கதை கட்டவா போறேன்? நீங்களே மோந்து பாருங்க."

நவம்பர் 12, வியாழன்
கொஞ்ச மழை. தூக்கம் கெட்ட கண். மகன் தண்ணி கேட்கிற சாக்கில் பக்கத்தில் வந்து என் சேலையை மோந்தான். பெற்ற பிள்ளையே.

"பொகை வாடைதான்மா அடிக்குது."

"அடிக்காம? ஒனக்கு ரொட்டி சுட்டதே அந்த அடுப்புலதான்டா."

சுருட்டு. நானா? குடித்தது மாமனார். மாமியார் வெற்றிலை. நான் இரண்டும் தொடாதவள். இந்த லயத்தில் எவளாவது மாற்றிச் சொல்லட்டும்.

பு. பிள்ளையை முன் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளிக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகிறாளாம். எத்தனை நாள் என்று கேட்டேன். "பார்ப்போம் மாமி." அந்தப் பார்ப்போம் எனக்குத் தெரியாதா?

உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. அரிசியை இரண்டு தரம் களைந்தேன்.

நவம்பர் 13, வெள்ளி
யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ். ஆஸ்பத்திரியில் டாக்டரைச் சண்டைக்குப் பிடித்தேன்.

"நான் சுருட்டு குடிக்கிறேன்னு யாருங்க சொன்னது?"

"நீங்கள்தானே அம்மா சொன்னியள். புகை பிடிக்கிறனீங்களோ எண்டு கேட்டன்."

"அது அடுப்புப் பொகைங்க. பால்ல புடிக்கும், சேலையில புடிக்கும், என்னையும் புடிக்கும். சுருட்டைக் குடிக்கிறதுன்னுதான் நாங்க சொல்லுவோம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நெஞ்சில் குழல் வைத்து மறுபடி கேட்டார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுருட்டைத் தொடாத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் இந்த இளைப்பு வரும். உள்ளே மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். எனக்கு இனி முழுசாகச் சரியாகாது, மோசமாகாமல் பார்க்கலாம். பிள்ளையின் நுரையீரல் இப்போதுதான் வளர்கிறது, புகையில் கிடந்தால் சளி இறங்கி உயிருக்கே ஆபத்து.

"அப்ப பிள்ளையை என்கிட்ட விட வேணாம்னு சொன்னது?"

"அடுப்படியில வைச்சிருந்தால் அது சரிதான் அம்மா. புகை போக ஓட்டை இல்லையோ?"

"அடைச்சிட்டாங்க."

"ஆர்?"

"பியதாச பாஸ்" என்று நாக்கு சொன்னது. பஸ் ஹாலிஎல தாண்டும் வரை அந்தப் பேர் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 14, சனி
இப்போது தெரிகிறது. தெரியாமலே போயிருக்கலாம்.

அடுப்பு மூட்டி மேலே பார்த்தேன். தகரத்தில் விரல் கனத்துக்குக் கரி. அந்த வருசமும் இப்படித்தான் மழை. ஓட்டை வழியாக ஒழுகி அடுப்பு மூன்று தரம் அணைந்தது. பாஸ் ஏணியில் நின்றபடி கேட்டான், "ஆச்சி, அப்ப பொகை எங்க போறது?" நான்தான் சொன்னேன், "பொகை நமக்குப் புதுசா? அடைச்சிடு." இஞ்சிச் சாயத் தேத்தண்ணியும் கொடுத்தேன், கருப்பட்டியோடு. கருப்பட்டி வரைக்கும் ஞாபகம். எல்லார் குற்றமும் தேதியோடு சொல்கிறவள், இதை மட்டும் எப்படி அவன் தலையில் வைத்தேன்?

மேல் லயத்துக்கு ஏறிப் போனேன். மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி. பாஸ் வாசலில் ரம்பம் தீட்டிக்கொண்டிருந்தான்.

"தகரத்தைக் கழட்டணும்."

"மழை ஒழுகும் ஆச்சி."

"நான்தான் அடைக்கச் சொன்னேன், இல்லையா?"

"ஆமா. நீங்கதான்."

"பன்னெண்டு வருசம் மூஞ்சைத் திருப்பினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் நினைச்சது, சாயம் குடிச்சிட்டுக் கோப்பை கழுவாம போனேன், அந்தக் கோபம்னு."

நவம்பர் 15, ஞாயிறு
தூறல். காலையிலேயே பாஸ் கூரையில். தகரம் விழுந்த சத்தத்துக்குப் பிள்ளை அழுதது. பு. பையோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். மகனும் நின்றான். இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன்.

"சுருட்டு பொய். ஆனா டாக்டர் சொன்னது சரி. ஓட்டையை அடைக்கச் சொன்னவ நான். பிள்ளையைப் பொகையில வச்சிருந்தவளும் நான்."

"அடுப்புல மழை விழுதே மாமி."

"விழட்டும்."

ஆனாலும் போய்விட்டாள். இங்கே புகை குறைந்தால் சொல்லி அனுப்பச் சொன்னாள். போகும்போது பிள்ளையை என் கையில் கொடுத்தாள், படிக்கட்டு வரைக்கும்.

பிள்ளையின் வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கட்டினேன். கறுக்கிறதா பார்க்க. இரண்டு உலை வைத்தாகிவிட்டது. இப்போது அவிழ்த்துப் பார்த்தேன். ஓரம் மட்டும் கறுப்பு. புஷ்பத்துக்கு என்ன சொல்லி அனுப்ப? ஓட்டையை இன்னும் ஒரு சாண் பெரிதாக்க வேண்டும். பாஸ் இன்னும் ஏணியை எடுத்துப் போகவில்லை.